சாரத்தை எப்போது பிரிப்பது? எலும்பு மீளுருவாக்கத்திற்கான சாரக்கட்டுப் பொருள்கள்: ஓர் ஒப்பீடு

முறிந்த எலும்பு தானாகவே கூடிக்கொள்ளும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் புற்றுக்கட்டியோடு சேர்த்து எலும்பை வெட்டி எடுக்கும்போதும், விபத்தில் எலும்பு நொறுங்கிச் சிதறும்போதும், தொற்றால் செத்துப்போன பகுதியைச் சுரண்டி அகற்றும்போதும் ஓர் எல்லையைத் தாண்டி இடைவெளி விழுந்துவிட்டால், இரு முனைகளும் ஒன்றையொன்று எட்டுவதற்குள் நடுவில் நார்த்திசு புகுந்து நிரம்பிவிடுகிறது. அதன் பிறகு எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அங்கே எலும்பு வளர்வதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப இன்றளவும் முதலிடத்தில் இருப்பது, நோயாளியின் இடுப்பெலும்பு விளிம்பிலிருந்தே எடுத்து வைக்கும் சொந்த எலும்பு ஒட்டுதான். உயிருள்ள உயிரணுக்கள், வளர்ச்சிக் காரணிகள், கனிமச் சட்டகம் ஆகிய மூன்றையும் அது ஒருங்கே கொண்டுவருகிறது. எடுக்கக்கூடிய அளவு குறைவு, எடுத்த இடத்தில் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம், எலும்பு மெலிந்த முதியவர்களிடமும் சிறு குழந்தைகளிடமும் எடுப்பதற்கே அதிகம் இராது என்ற காரணங்களால்தான் செயற்கைச் சாரக்கட்டுகளை, அதாவது இடைவெளியில் வைத்தால் எலும்பு பற்றி வளர இடம்தரும் துளையுள்ள சட்டகங்களை, தேட வேண்டியதாயிற்று. ஆகவே இங்கே ஒப்பிடும் ஒவ்வொரு பொருளையும் சொந்த எலும்போடு பக்கத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது வலிமையான பொருள், எது உயிரணுக்களுக்கு இணக்கமான பொருள் என்று தொடங்கும் ஒப்பீடுகள் தேர்வுக்குப் பெரிதாக உதவுவதில்லை. சாரக்கட்டு கரையும் வேகமும் எலும்பு வளரும் வேகமும் ஒத்துப்போகின்றனவா என்பது முதல் கேள்வி. எலும்பு வளர்ந்து முடியும்வரை சுமையைத் தாங்கப்போவது யார் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் பட்டியலில் பாதிப் பொருள்கள் தாமாகவே விலகிவிடும்.

இந்த இரு கேள்விகளுக்கும் வயது நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று எலும்பு மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். அதே ஆண்டில் டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழிகளைப் பாரிஸ் சாந்தால் நிரப்பியதைப் பதிவுசெய்தார். பாரிஸ் சாந்து, அதாவது கால்சியம் சல்ஃபேட், உடலுக்குத் தீங்கற்றது, மலிவானது, குழியின் வடிவத்துக்கு அப்படியே படியக்கூடியது. அதன் குறை கடிகாரத்தில் இருக்கிறது: 4 முதல் 12 வாரங்களுக்குள் அது கரைந்துபோகிறது. சிறிய குழியில், நல்ல இரத்த ஓட்டம் உள்ள இடத்தில், எலும்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம். பெரிய குழியில் ஈடுகொடுக்காது. கான்கிரீட் இறுகும் முன்பே முட்டுப் பலகையைப் பிரித்த கதையாகிவிடும்.

இதன் நேரெதிர் முனையில் நிற்பது ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் பீங்கான். நம் எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கும் கனிமம் ஏறத்தாழ இதே வகையைச் சேர்ந்தது என்பதால், உடல் இதை அயற்பொருளாகக் கருதி நாரால் மூடிவைப்பதில்லை. புது எலும்பு இதன் மேற்பரப்பில் நேரடியாக ஒட்டி வளர்கிறது. ஆனால் 1,100 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுட்டெடுத்த ஹைட்ராக்ஸிஅபடைட் உடலுக்குள் பல ஆண்டுகள் கரையாமலே கிடக்கிறது. எலும்பிலுள்ள இயற்கைக் கனிமம் அப்படியல்ல. அதன் படிகங்கள் மிக நுண்ணியவை, கார்பனேட் கலந்தவை, அதனால் எலும்பைச் சிதைக்கும் உயிரணுக்களால் எளிதில் கரைக்கத்தக்கவை. வேதிப்பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் என்று நம்புவது இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் செய்யும் பிழை.

கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் ஹைட்ராக்ஸிஅபடைட்டில் 1.67. அதை 1.5 ஆகக் குறைத்தால் கிடைப்பது பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட். சுருக்கமாக பீட்டா டிசிபி. இந்தச் சிறு வேறுபாடு கடிகாரத்தையே மாற்றிவிடுகிறது. பீட்டா டிசிபி பொதுவாக 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் கரைந்து எலும்புக்கு இடம் விடுகிறது. எலும்பு முழுதாக உருமாறி முதிரும் காலமும் ஏறத்தாழ இதுவே. இரண்டையும் கலந்து சுட்ட இருநிலைக் கால்சியம் பாஸ்பேட்டில் ஹைட்ராக்ஸிஅபடைட் கூடினால் கரைவு மெதுவாகும், டிசிபி கூடினால் விரைவாகும். வேகத்தை இவ்வாறு கையால் திருகிவைக்க முடிவதால், நான்கு பக்கமும் சுவருள்ள எலும்புக் குழி ஒன்றை நிரப்ப வேண்டுமென்றால் என் முதல் தேர்வு இந்தக் கலவையின் குருணைகளே. ஊசி வழியாகச் செலுத்தி உள்ளே இறுகும் கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் அறுவையின் போது வசதியானது. ஆனால் பெரிய துளைகள் இல்லாமல் இறுகுவதால் எலும்பு ஓரத்திலிருந்து அரித்து அரித்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

பீங்கான் வகைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை நொறுங்குதன்மை. எலும்பின் வலிமை கொலாஜன் என்ற புரத இழைகளும் கனிமமும் பின்னிக் கிடப்பதில் இருக்கிறது. கனிமத்தை மட்டும் எடுத்துச் செய்த பொருளுக்கு அந்த வளைந்துகொடுக்கும் தன்மை வாராது. நுண்துளைகள் நிறைந்த ஹைட்ராக்ஸிஅபடைட் உருளை ஒன்றை இடுக்கியால் சற்று அழுத்திப் பிடித்தால், விளிம்பு சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்து கையுறையில் ஒட்டிக்கொள்ளும். அதே உருளையின் அடிப்பக்கத்தை ஒரு சொட்டு இரத்தத்தில் தொடவைத்தால், சில நொடிகளில் சிவப்பு மேலேறி உருளை முழுவதையும் நனைத்துவிடும். எலும்பாகப் போகும் உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் பின்னர் போகப்போகும் பாதை இதுதான் என்பதை அந்தச் சிவப்பு கண்முன் காட்டிவிடுகிறது. ஒரே பொருளின் பலமும் பலவீனமும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும் இந்தச் சிறு சோதனையை, முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற எவரும் ஒருமுறை தம் கையாலேயே செய்துபார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உயிர்வினைக் கண்ணாடி இக்குடும்பத்தில் தனி இடம் பெற்றது. 1969இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹெஞ்ச் உருவாக்கிய 45எஸ்5 என்ற கலவையில் எடை வீதத்தில் 45 விழுக்காடு சிலிக்கா, 24.5 விழுக்காடு கால்சியம் ஆக்சைடு, 24.5 விழுக்காடு சோடியம் ஆக்சைடு, 6 விழுக்காடு பாஸ்பரஸ் ஆக்சைடு இருந்தன. உடல்நீர் பட்டதும் சோடியமும் கால்சியமும் வெளியேறுகின்றன, மேற்பரப்பில் சிலிக்கா கூழ்ப்படலம் உருவாகிறது, அதன்மேல் எலும்புக் கனிமம் போன்ற படிவு சேர்கிறது, கொலாஜன் அந்தப் படிவோடு பிணைந்துகொள்கிறது. கண்ணாடியிலிருந்து கரைந்து வரும் அயனிகள் எலும்பாக்க உயிரணுக்களைத் தூண்டுவதும் கூடுதல் நன்மை. ஆனால் 45எஸ்5ஐத் துளையுள்ள சாரக்கட்டாகச் சுட்டெடுக்க முயன்றால், துகள்கள் நன்கு ஒட்டிக்கொள்வதற்கு முன்பே கண்ணாடி படிகமாக மாறத் தொடங்குகிறது. கிடைக்கும் சாரக்கட்டு மிக நலிந்ததாகவே இருக்கிறது. எனவே இதைத் துகளாகவும், வேறொன்றோடு சேர்க்கும் கலப்புப் பொருளாகவும் பயன்படுத்துவதே தகும்.

கரைவின் வேகம் என்பது வெறும் மாதக் கணக்கல்ல, கரையும்போது சுற்றுப்புறத்தை அது என்ன செய்கிறது என்பதும் அதில் அடங்கும். உயிரணு வளர்க்கும் திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி கலந்திருக்கும். புதிதாக உருக்கிய 45எஸ்5 துகளை முன்கூட்டி ஊறவைத்து அலசாமல் அந்தத் திரவத்தில் போட்டால், இளஞ்சிவப்பு அடர்ந்து ஊதா கலந்த நிறத்துக்குப் போகும். காரத்தன்மை ஏறுகிறது என்று பொருள். பாலிலாக்டிக் அமிலமும் பாலிகிளைகாலிக் அமிலமும் சேர்ந்த பிஎல்ஜிஏ சாரக்கட்டைப் போட்டுச் சில வாரம் கழித்துத் திரவத்தை மாற்றத் தாமதித்தால், தட்டு மஞ்சளாகிக் கிடக்கும். அமிலம் சேர்கிறது என்று பொருள். மக்னீசியத் துண்டைப் போட்டால் மேற்பரப்பெங்கும் குமிழிகள் அரும்பும், அது ஹைட்ரஜன். உடலுக்குள் இரத்த ஓட்டம் இவற்றை ஓரளவு அடித்துச் சென்று சமன்செய்யும் என்பது உண்மை. ஆனால் சாரக்கட்டு தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் இரத்த ஓட்டமே முதலில் குறைந்திருக்கிறது.

நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளாலான பாலிமர்களுக்கு வருவோம். பிஎல்ஜிஏவில் இரு பகுதிகளும் சமமாக இருந்தால் ஒன்றிரண்டு மாதங்களில் சிதைந்துவிடும். லாக்டிக் பகுதி கூடக்கூடக் காலம் நீளும். இதன் சிதைவு மேற்பரப்பிலிருந்து சோப்பு தேய்வதுபோல் நடப்பதில்லை. தடித்த சாரக்கட்டில் உள்ளே உருவாகும் அமிலம் வெளியேற வழியின்றித் தேங்கி, உட்பகுதியை மேலும் விரைவாகச் சிதைக்கிறது. வெளித்தோற்றம் நன்றாக இருக்கும்போதே உள்ளே கூடாகி, ஒரு கட்டத்தில் திடீரென நொறுங்கி அமிலத்தை மொத்தமாக வெளிவிடுகிறது. எலும்பின் கனிமமோ அமிலத்தில் கரையக்கூடியது. ஆகவே, மருந்தை மெல்ல வெளிவிடும் நுண்கோளங்களுக்கு பிஎல்ஜிஏ அருமையான பொருள் என்றாலும், பெரிய எலும்புச் சாரக்கட்டின் உடலாக அதைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாலிகேப்ரோலாக்டோன், அதாவது பிசிஎல், இதற்கு மாறானது. சிதைய 2 ஆண்டுக்கு மேல் ஆகும், அமிலம் மெல்ல மெல்லத்தான் வெளிவரும், முறியாமல் வளைந்துகொடுக்கும். 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகுவதால் முப்பரிமாண அச்சில் இழை இழையாக அடுக்குவது எளிது. குறை என்னவென்றால் இது நீரை ஏற்காது. அச்சிலிருந்து எடுத்த பிசிஎல் வலையை வளர்ப்புத் திரவத்தில் போட்டால் துளைகளுக்குள் காற்றை வைத்துக்கொண்டு தக்கைபோல் மிதக்கும். முதலில் எத்தனாலில் நனைத்து, பிறகு நீரால் அலசித்தான் உள்ளே திரவத்தை ஏற்ற முடியும், இல்லையென்றால் சோடியம் ஹைட்ராக்சைடால் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்க வேண்டும். உயிரணுக்கள் பற்றிக்கொள்வதற்கான எந்தக் குறியும் அதன் மேற்பரப்பில் இயல்பாக இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பிசிஎல் தனித்து நிற்கத்தக்க பொருள் அல்ல என்பது விளங்கும்.

கொலாஜன், ஜெலட்டின், கைட்டோசான், பட்டுப் புரதம் போன்ற இயற்கைப் பாலிமர்களில் அந்தப் பற்றுதல் குறை குறைவு. கொலாஜனுக்கு அந்தக் குறை அறவே இல்லை. ஆனால் நனைந்த கொலாஜன் பஞ்சு தன் வடிவத்தையே காக்க முடியாதது. சுற்றியுள்ள தசை அழுத்தினாலே சப்பளிந்துவிடும். காரணிகளையும் உயிரணுக்களையும் சுமந்துசெல்லும் ஊர்தியாகக் கொள்ளலாமே தவிர, இடத்தைப் பிடித்துவைக்கும் சாரமாகக் கொள்ள இயலாது.

சுமைக் கேள்விக்குப் பலர் உடனே சொல்லும் விடை உலோகம். அடர் எலும்பின் அமுக்க வலிமை ஏறத்தாழ 100 முதல் 200 மெகாபாஸ்கல். பஞ்சு எலும்பில் அது பெரும்பாலும் 2 முதல் 12 மெகாபாஸ்கல். டைட்டானியக் கலவை இவற்றை எளிதில் தாண்டிவிடும். சிக்கல் வலிமையில் இல்லை, விறைப்பில் இருக்கிறது. விறைப்பை அளக்கும் யங் குணகம் அடர் எலும்பில் 10 முதல் 20 கிகாபாஸ்கல் என்றால், அலுமினியமும் வனேடியமும் கலந்த டைட்டானியத்தின் குணகம் ஏறத்தாழ 110. இரண்டும் அருகருகே நின்று சுமை தாங்கும்போது விறைப்பானதே பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. வேலையில்லாத எலும்பு, வோல்ஃப் சொன்னபடியே, மெலியத் தொடங்குகிறது. லேசரால் தூளை உருக்கி வலைப்பின்னலாக அடுக்கும் முறையில் துளைகளைக் கூட்டி இந்த விறைப்பை எலும்பின் அளவுக்கே இறக்கிவிட முடிகிறது என்பது கடந்த சில பத்தாண்டுகளின் உண்மையான முன்னேற்றம். ஆயினும் டைட்டானியம் கரையாது. அது எலும்போடு இறுகச் சேர்ந்துவிடும், எலும்பாக மாறிவிடாது. முதுகெலும்புத் தட்டுக்குப் பதிலாக வைக்கும் கூண்டுக்கும், நிரந்தரமாகச் சுமை தாங்கியாக வேண்டிய இடுப்பு மூட்டுக் குழிக்கும் இது சரியான தேர்வு. வளரும் பிள்ளையின் மண்டையோட்டுக்கு நான் இதைத் தவிர்ப்பேன்.

கரையும் உலோகம் என்ற வகையில் மக்னீசியம் ஆசைகாட்டுகிறது. அதன் யங் குணகம் 45 கிகாபாஸ்கல் அளவில் எலும்புக்கு நெருங்கி நிற்கிறது, அதன் அயனி உடலுக்குத் தேவையானதும் கூட. திருகாணிகளாக அது அறுவை அறைக்கே வந்துவிட்டது. ஆனால் துளைகள் நிறைந்த சாரக்கட்டாக்கும்போது மேற்பரப்பு பல மடங்காகப் பெருகி, அரிப்பும் ஹைட்ரஜனும் அதே அளவில் பெருகுகின்றன. மேற்பூச்சுகளும் அருமண் தனிமங்கள் சேர்த்த கலவைகளும் வேகத்தைக் குறைத்திருக்கின்றன என்றாலும், இன்றைய நிலையில் பெரிய இடைவெளிக்கு அதை நம்பி இறங்க எனக்குத் துணிவில்லை.

எந்தப் பொருளானாலும் துளையின் அளவு சரியில்லையென்றால் மேற்சொன்ன எல்லாம் வீண். உயிரணு ஒவ்வொன்றும் இரத்தக் குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் இருந்தால்தான் ஆக்சிஜன் அதற்குப் போய்ச் சேரும். துளைகள் குறைந்தது 100 மைக்ரோமீட்டராவது இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. 300 மைக்ரோமீட்டருக்கு மேல் இருந்தால் குழாய்கள் உள்ளே வளர்வது எளிதாகி எலும்பும் நன்கு பிடிக்கிறது. அந்தத் துளைகள் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும் என்பது அளவைவிடவும் முதன்மையானது. 80 விழுக்காடு துளை என்று எழுதியிருந்தும் வழி அடைபட்ட சாரக்கட்டு, கதவில்லாத அறைகளைக் கொண்ட வீட்டுக்குச் சமம். தளர்வாக விட்டால் வலிமை சரியும், இறுக்கினால் எலும்பு நுழையாது. இந்த இழுபறியைப் பொருளை மாற்றித் தீர்க்க முடியாது.

ஆகவேதான் சாரக்கட்டிடமே முழுச் சுமையையும் தாங்கச் சொல்வதைக் கைவிட வேண்டும் என்கிறேன். கால் எலும்பில் சில சென்டிமீட்டர் இடைவெளி என்றால் சுமையைத் தகடும் ஆணியும் தாங்கட்டும். சாரக்கட்டு இடத்தைப் பிடித்து, வழிகாட்டி, நேரத்தில் விலகினால் போதும். அந்த வேலைக்கு இன்று கைவசமுள்ளவற்றில் எனக்குச் சிறந்ததாகப் படுவது, பிசிஎல்லில் ஐந்தில் ஒரு பங்கு எடைக்கு பீட்டா டிசிபி கலந்து அச்சிட்ட வலை. பாலிமர் முறியாமை தருகிறது. டிசிபி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, நீரை ஏற்கவைத்து, எலும்பாக்க உயிரணுக்களுக்குப் பிடிப்பும் கால்சியமும் தருகிறது. ஆனால் தனி வலை மட்டும் அத்தனை பெரிய இடைவெளியை மூடும் என்று எதிர்பார்ப்பது தவறு. முதலில் கரையாத அக்ரிலிக் எலும்புச் சிமெண்ட் கட்டையை இடைவெளியில் வைத்து, 6 முதல் 8 வாரத்தில் அதைச் சுற்றி இரத்தக் குழாய் நிறைந்த சவ்வு உருவான பின் கட்டையை எடுத்துவிட்டு அந்தப் பையில் எலும்பு ஒட்டை நிரப்பும் மஸ்கலே முறை மருத்துவர்களுக்குப் பழக்கமானது. அந்தப் பைக்குள் சாரக்கட்டையும், கிடைக்கும் அளவுக்குச் சொந்த எலும்பையும் சேர்த்து வைப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. இடுப்பிலிருந்து எடுக்க வேண்டிய அளவு குறைகிறது என்பதே அதில் நோயாளிக்குக் கிடைக்கும் பெரிய ஆறுதல்.

வளர்ச்சிக் காரணி சேர்ப்பதா என்ற கேள்விக்கு நிதானமாக விடை சொல்ல வேண்டும். கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தாலே அங்கே புது எலும்பு உருவாகிறது என்று மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டியதிலிருந்து எலும்பு உருவாவதைத் தூண்டும் பிஎம்பி எனும் புரதங்களின் வரலாறு தொடங்குகிறது. பிஎம்பி-2வைக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து முதுகெலும்பு இணைப்பில் பயன்படுத்த அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2002இல் ஒப்புதல் தந்தது. கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது உயிருக்கு ஆபத்தான வீக்கம் ஏற்பட்டதை அடுத்து 2008இல் அதே அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பஞ்சு காரணியை முதல் நாள்களிலேயே கொட்டிவிடுவதால், அதை ஈடுகட்ட உடலில் இயல்பாக இருப்பதைவிடப் பன்மடங்கு அளவு ஊற்ற வேண்டியிருக்கிறது. இதுவும் கடைசியில் கடிகாரப் பிழைதான். காரணியை வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடும் சாரக்கட்டு கையில் இல்லையென்றால், குணமடையத் தடையுள்ள நோயாளிக்கன்றி இதைச் சேர்க்காமலிருப்பதே நல்லது.

தொற்று இருந்த குழியில் கணக்கு மாறும். அங்கே எஸ்53பி4 என்ற மற்றோர் உயிர்வினைக் கண்ணாடிக் குருணை கார அளவையும் உப்பழுத்தத்தையும் உயர்த்திக் கிருமிகள் தழைக்க விடாமல் செய்கிறது. வளர்ப்புத் தட்டில் நமக்குத் தொல்லையாக இருந்த அதே காரத்தன்மை இங்கே மருந்தாகிறது. நாள்பட்ட எலும்புத் தொற்றில் செத்த எலும்பை முழுதாகச் சுரண்டிய பிறகு, கரையாமல் கிடக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட்டை வைப்பதைவிட இதை வைக்கவே நான் சொல்வேன்.

தேர்வைத் தீர்மானிக்கும் இரு நடைமுறை விவரங்களைப் பலர் கடைசி நிமிடத்தில்தான் நினைக்கிறார்கள். ஒன்று, கிருமிநீக்கம். பீங்கானை 121 டிகிரி நீராவியில் அவித்தெடுக்கலாம். பிசிஎல் அந்த வெப்பத்தில் உருகி உட்கார்ந்துவிடும், கொலாஜன் தன் அமைப்பை இழக்கும், காமாக் கதிரோ பாலிலாக்டிக் சங்கிலிகளை அறுத்துச் சிதைவுக் காலத்தைச் சுருக்கிவிடும். கிருமிநீக்கம் செய்த பின் அளந்த கரைவு வேகத்தைத்தான் நம்ப வேண்டும். மற்றொன்று, பின்தொடர்தல். ஹைட்ராக்ஸிஅபடைட் எக்ஸ்ரேயில் எலும்பைப் போலவே வெள்ளையாகத் தெரிவதால், குழி நிறைந்திருப்பது எலும்பாலா சாரக்கட்டாலா என்று சொல்ல இயலாது. டைட்டானியம் சிடி படத்தில் கீற்றுகளைப் பரப்பி அருகிலுள்ளதை மறைக்கும். பிசிஎல் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. அதில் கலந்த டிசிபி மட்டும் அறுவை முடிந்த அன்றே மங்கலான வலைக்கோடுகளாகப் படத்தில் பதியும். அந்த முதல் நாள் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மூன்றாம் மாதப் படத்தையும் ஆறாம் மாதப் படத்தையும் ஒரே கோணத்தில், ஒரே அளவுக் கதிரில் எடுத்து ஒப்பிட்டால், கோடுகளுக்கு இடையே இருந்த கருமை எந்த முனையிலிருந்து வெளுக்கத் தொடங்கியிருக்கிறது என்பதும், நடுப்பகுதி இன்னும் வெறுமையாகவே இருக்கிறதா என்பதும், தகட்டை எடுக்க இன்னும் எத்தனை காலம் பொறுக்க வேண்டும் என்பதும் அந்தப் படங்களிலிருந்தே தெரியும்.